நீல மையில் ஒரு கையெழுத்து

1

இன்னைக்கு எங்க வீட்ல விசேஷம். யாருக்கும் பொறந்த நாளில்ல, கல்யாண நாளும் இல்ல. ஒரு கையெழுத்துக்குப் பொறந்த நாள்! விடிஞ்சதும் குளிச்சு, சேமியாப் பாயசம் வச்சு, தகரப் பெட்டியில இருந்து அந்தப் பழைய பெர்மிட் காகிதத்தை எடுத்துச் சாமி படத்துக்கு முன்னால வச்சுட்டேன். "உலகத்துல எவளாவது கவர்மெண்டு காகிதத்துக்குப் பாயசம் வைப்பாளா?"ன்னு எங்க வீட்டுக்காரர் வருஷா வருஷம் கேக்குறதைக் கேட்டாக. கேட்டுட்டு ரெண்டு டம்ளர் குடிச்சாக.

ஊர்ல உக்காந்து இதைப் படிக்கிறவுகளுக்கு மொதல்லயே சொல்லிப்புடுறேன். என் பேரு பேச்சியம்மா. இருக்குறது பினாங்குல. சொந்த ஊரு திருச்சுழிப் பக்கம் ஒரு கரிசக்காட்டுக் கிராமம். ஊரை நெனச்சு மூக்கைச் சிந்துற ஆளு நான் இல்ல. உப்புத் தண்ணியையும் உச்சி வெயிலையும் நெனச்சு எவ அழுவா? இங்க குழாயைத் திருகுனா நல்ல தண்ணி வருது. வந்து பன்னெண்டு வருஷமாச்சு, இன்னும் அதைப் பாத்தா எனக்குச் சிரிப்பா வருது, சந்தோசத்துல.

ஆனா அங்க இருந்து ஒரு பழக்கத்தை மட்டும் கூடவே கொண்டாந்துட்டேன். அந்தப் பழக்கத்தால எங்க குடும்பமே மூட்டையைக் கட்டிக்கிட்டுத் திரும்பக் கப்பலேற இருந்துச்சு. அதைத்தான் எழுத உக்காந்திருக்கேன். நேத்து அருப்புக்கோட்டையில இருந்து ஒரு ஆளு கொண்டாந்து குடுத்த துணிப்பை ஒண்ணு பக்கத்துல இருக்கு. அதைக் கடைசியில சொல்றேன்.

2

அறுபதுகளோட நடுவுல, இவுக இங்க துறைமுகக் கிட்டங்கியில மூட்டை தூக்கிட்டிருந்தாக. நானும் மக வசந்தாவும் ஊர்ல. அவளுக்கு நாலு வயசு. ரெண்டு வருஷம் அடுத்தடுத்து மழை ஏமாத்திருச்சு. விதைச்ச கம்பு தலை நீட்டவே இல்ல. பருத்தி முழங்காலுக்குக்கூட வரல. இவுக அனுப்புறது வரும்போது வரும், வராதப்ப வராது.

பக்கத்து வீடு ஆயிஷா மதினி வீடு. அவுக வீட்டுக்காரருக்கு அருப்புக்கோட்டை டவுன்ல ஜவுளி யாவாரம், அதனால அடுப்பு எரிஞ்சுச்சு. பொழுது சாயுற நேரம் சுவருக்கு மேல ஒரு தூக்குச்சட்டி எட்டிப் பாக்கும். "ஏ பேச்சி, கஞ்சி மிஞ்சிப் போச்சு. நீ வாங்கிக்கிட்டா எனக்குப் பானை கழுவுற வேலை மிச்சம்." மிஞ்சுறதாவது! அந்த வருஷம் எவ வீட்ல கஞ்சி மிஞ்சுச்சு?

எங்க பக்கத்துல இதுக்கெல்லாம் வாயால நன்றி சொல்ற வழக்கமில்ல. சொல்லியிருந்தா, "என்ன புள்ள, மைக்கைப் புடிச்சவ கணக்காப் பேசுற?"ன்னு ஆயிஷா மதினி சிரிச்சிருப்பாக. எங்க வழக்கம் வேற. வாங்குன சட்டி வெறுஞ்சட்டியாத் திரும்பிப் போகக் கூடாது, அம்புட்டுத்தான். கழுவித் தொடைச்சு, உள்ள எதையாவது போட்டுத்தான் குடுக்கணும். நல்ல காலத்துல அதுக்கென்ன, ஒரு கை மொச்சைப் பயறு, ரெண்டு கத்திரிக்காய். மழையில்லாத வருஷம் எதைப் போடுவ?

காலையில நானும் வசந்தாவும் கெளம்பிருவோம். ஒரு நாள் வேலியில நாலு கோவைப்பழம். ஒரு நாள் வேப்பம்பூ. ஒரு நாள் ஆயிஷா மதினி ஆட்டுக்குன்னு ஒரு மடி கருவேல நெத்து. ஒரு நாள் பானையைச் சொரண்டுனதுல ஒரு உப்புக்கல்லு. இப்ப யோசிச்சா எனக்கே ஆச்சரியமா இருக்கு. இல்லாததை நெனைக்க ஆரம்பிச்சா அன்னைக்கு முச்சூடும் அழுதுக்கிட்டே கெடந்திருக்கலாம். எங்களுக்கு அதுக்கு நேரமில்ல. என்ன இருக்கு, என்ன இருக்குன்னு தேடிக்கிட்டுல்ல அலைஞ்சோம்!

ஒரு நாள் ஒண்ணுமே அம்புடல. சட்டியைக் கழுவிக் கையில வச்சுக்கிட்டு நான் நிக்கேன், மானம் போகுதேன்னு கண்ணுல தண்ணி முட்டுது. சட்டியைத் திண்ணையில வச்சுட்டு மூஞ்சியைக் கழுவிட்டு வந்து, மூடியைத் தொறந்து பாக்காம அப்படியே சுவத்து மேல வச்சுட்டு வந்துட்டேன். மறுநாள் ஆயிஷா மதினி சுவருக்கு மேல தலையை நீட்டி, "ஏ பேச்சி! சட்டிக்குள்ள கல்லு கெடக்கே, இதைக் கொழம்பு வைக்கவா, பொரிக்கவா?"ங்கிறாக. எனக்கு ஒண்ணும் வெளங்கல. என் முந்தானைக்குப் பின்னால இருந்து வசந்தா சத்தம் குடுக்கா: "அது என் தட்டாங்கல்லு. வெளாண்டு முடிச்சிட்டுத் திருப்பிக் குடுங்க!"

ஆயிஷா மதினி சிரிச்ச சிரிப்புல சுவத்து மேல இருந்த காக்கா பறந்துருச்சு. கல்லை அவுக திருப்பிக் குடுக்கல. "இன்னும் வெளாண்டு முடிக்கலடி"ன்னு சொல்லிச் சொல்லியே வச்சுக்கிட்டாக. மறு வருஷம் நாங்க நாகப்பட்டினம் போயிக் கப்பலேறிட்டோம்.

3

பினாங்கு வாழ்க்கையை நான் ரெண்டா வகுந்து வச்சிருக்கேன். இவுக இடுப்பு ஒடியுறதுக்கு முன்னால, ஒடிஞ்சதுக்கு அப்புறம்.

எழுபதுகளோட ஆரம்பத்துல ஒரு நாள் மூட்டை சரிஞ்சு இவுக மேல விழுந்துருச்சு. உசுருக்கு ஒண்ணுமில்ல, ஆனா மூட்டை தூக்குற பொழப்பு அன்னைக்கோட போச்சு. எனக்கு ஒரு மில் கேண்டீன்ல மாவாட்டித் தோசை சுடுற வேலை இருக்குன்னாங்க. குடியுரிமை இல்லாதவங்க வேலைக்குப் போகணும்னா பெர்மிட் வேணும். மாசக் கடைசி வரைக்கும் வேலையை எனக்காக வச்சிருக்கேன்னு கேண்டீன்காரர் சொல்லியிருந்தாரு. அதுக்குள்ள பெர்மிட் வந்தா நாங்க இங்க. வராட்டி, படுத்த படுக்கையா இருக்குற மனுஷனையும் கூட்டிக்கிட்டு ஊருக்கு.

எனக்கு மலாய் சந்தைக்குப் போற அளவுக்குத்தான் வரும். அதனால மதியப் பள்ளிக்கூடம் போற வசந்தாவைச் சீருடையோட, புத்தகப் பையோட இழுத்துக்கிட்டு ஆபீசுக்குப் போனேன். அவளுக்கு அப்பப் பன்னெண்டு வயசு. பள்ளிக்கூடத்துல மலாய், சிநேகிதிகளோட இங்கிலீசு, வீட்ல என்கிட்ட மட்டும் தமிழு, அதுவும் பாதி. என்கூட ரோட்ல நடந்தா நாலடி தள்ளி நடப்பா. என் கொசுவமும் என் சத்தமும் அவளுக்குக் கூச்சம்.

பாரத்தை அவதான் முத்து முத்தா எழுதியிருந்தா, பள்ளிக்கூடத்து மையில. உள்ள மேசையில இருந்த ஆபீசர் அதைக் கையில எடுத்துப் பாத்துட்டு அப்படியே திருப்பித் தள்ளுனாரு. நீலமாம்! கறுப்பு மையிலதான் எழுதணுமாம். அவரு நம்ம ஆளு, நெத்தியில துளியூண்டு திருநீறு. எனக்கு ஒரே குஷி. "அய்யா, நீங்க எந்தப் பக்கம்?"னேன். அவரு என்னைப் பாக்காம மலாயில, "அடுத்த ஆள்"ன்னாரு.

கடைக்கு ஓடிக் கறுப்புப் பேனா வாங்கி, திரும்ப எழுதி, திரும்ப வரிசையில மொதல்ல இருந்து நின்னோம். கொஞ்ச நேரத்துல வசந்தா என் மேல சாஞ்சா. காலையில அவ வெறும் வயித்தோட வந்ததை நான் கவனிக்கவே இல்ல, பாவி. கண்ணு சொருகிருச்சு. கவுண்டர்ல இருந்த மலாய்க்கார அம்மா எந்திரிச்சு ஓடியாந்து அவளை உக்கார வச்சு, தன்னோட மதியச் சாப்பாட்டு டப்பாவைத் தொறந்து ஊட்டி விட்டுச்சு. தேங்காப்பால் சோறு, நெத்திலி, பாதி முட்டை. மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டு போன்னு டப்பாவையே குடுத்துருச்சு. பச்சைக் கலர் பிளாஸ்டிக் டப்பா. பாரத்தைப் பாத்துட்டு, வியாழக்கிழமை நேர்காணலுக்கு இதோட வா, டப்பாவையும் அப்பக் கொண்டாந்தாப் போதும்னுச்சு. அது பேரு ரோகயா.

அன்னைக்கு அந்தம்மா பட்டினி கெடந்திருக்கும். அது எனக்கு வீட்டுக்கு வந்த பெறகுதான் உறைச்சுச்சு.

4

டப்பா கழுவியாச்சு. உள்ள என்ன போட?

வீட்ல அரிசி இருந்துச்சு, அதுவும் எண்ணி மூணு நாளைக்கு. தேடித் தேடிப் பாத்தேன். மேல் பரண்ல என் தங்கச்சி ஊர்ல இருந்து குடுத்து விட்ட மிதுக்கு வத்தல் கடைசியா ஒரு கை இருந்துச்சு. மானாவாரிக் காட்டுல தானா வெளையுற குட்டிக் குட்டிக் காய், மோருல ஊறவச்சுக் காயப்போட்டது. எண்ணெயில போட்டா மொறுமொறுன்னு பொரிஞ்சு ஒரு கசப்பு கசக்கும் பாருங்க, அடடா! இவுக சோறு எறங்காம கெடக்குறப்ப ரெண்டு ரெண்டாப் பொரிச்சுக் குடுக்கன்னு ஒளிச்சு வச்சிருந்தேன். அதைப் போட்டு டப்பாவை மூடுனேன்.

"அம்மா, வேண்டாம்மா. அது கவர்மெண்டு ஆபீசு"ன்னு வசந்தா தலைபாடா அடிச்சுக்கிட்டா. கேட்டா நான் பேச்சியம்மாவா?

வியாழக்கிழமை கவுண்டர்ல என் காகிதத்தையும், அது மேல டப்பாவையும் வச்சுச் சேத்து உள்ள தள்ளுனேன். ரோகயா முகம் மலர்ந்துச்சு. அம்புட்டுத்தான், பின்னால நாக்காலி தள்ளுற சத்தம். ஆபீசர்! அதுவரைக்கும் ஒரு தமிழ் வார்த்தை பேசாத மனுஷன் நல்ல தமிழ்ல கத்துறாரு.

"என்னம்மா இது? பாரத்தோட டப்பா குடுக்கிற? லஞ்சமா?"

"அய்யோ, டப்பா அவுகளோடது அய்யா. அதைத்தான் திருப்பிக் குடுக்கேன்."

"உள்ள என்ன?"

"வெறும் டப்பாவை எப்படி அய்யா குடுக்க?"

"வெறும் டப்பாவை வெறுமையாத்தான் குடுக்கணும்!" மூடியைத் தொறந்தாரு. சுருங்கிப் போன காயைப் பாத்து மூஞ்சியைச் சுளிச்சாரு. "இது என்ன எழவு?"

"மிதுக்கு வத்தல் அய்யா. நல்லெண்ணெயில போட்டா..."

"நிறுத்தும்மா! சுவத்துல என்ன எழுதியிருக்கு தெரியுமா?"

எனக்கு எங்க தெரியும்? சிவப்பு எழுத்துல பெரிய பலகை. லஞ்சம் குடுத்தாலும் வாங்குனாலும் ஜெயில்னு வசந்தா என் காதுல சொன்னா, பல்லைக் கடிச்சுக்கிட்டு. வரிசையில நின்ன அம்புட்டுப் பேரும் எங்களையே பாக்காங்க.

ரோகயா எந்திரிச்சு நின்னு படபடன்னு மலாயில சொல்லுச்சு. அவங்க கிராமத்துலயும் பாத்திரத்தை வெறுமையா அனுப்ப மாட்டாங்களாம், ஒரு துண்டு பலகாரமாவது வச்சுத்தான் குடுப்பாங்களாம். எனக்கு ஓடிப்போயி அதைக் கட்டிப் புடிச்சுக்கணும் போல இருந்துச்சு! ஆபீசர் அசையல. கிராமத்து வழக்கம் கிராமத்தோட, ஆபீசு ஆபீசுதான்னாரு. நடந்தது என்னன்னு எழுத்துல விளக்கம் குடுன்னு ரோகயாகிட்டச் சொல்லிட்டாரு. அந்தம்மா முகம் வெளிறிப் போச்சு. வத்தலைப் பேப்பர்ல மடிச்சு என் கையில திணிச்சாங்க. டப்பா வெறுமையா ரோகயா மேசைக்குப் போச்சு. என் பாரத்தை ஒரு ஓரமாப் போட்டு, "அடுத்த வியாழக்கிழமை வா"ன்னாரு.

5

பஸ்ஸுல வசந்தா வெடிச்சா. "தெரிமா காசேன்னு ரெண்டு வார்த்தை சொன்னா முடிஞ்சுதும்மா. இங்க எல்லாரும் அப்படித்தான் நன்றி சொல்றாங்க. உனக்கு மட்டும் எதுக்கு இதெல்லாம்? உன்னால அந்தக் கக் வேலை போகப் போகுது!" கக்குன்னா அக்கா.

அவ சொன்னதுல ஒண்ணும் தப்பில்லையே. பெர்மிட் போனாப் போகுது, ஊருக்குப் போயிப் பருத்தி எடுத்தாவது பொழைச்சுக்கலாம். பசிச்ச பிள்ளைக்குச் சோறு குடுத்த பொம்பளைக்கு என்னால வேலை போயிருச்சுன்னா, அந்தப் பாவத்தை எங்க கொண்டு போயித் தொலைக்க? அந்த ஏழு நாளும் எனக்குச் சோறு தொண்டைக்குள்ள எறங்கல.

இவுக படுத்துக்கிட்டே என்னைச் சிரிக்க வைக்கப் பாத்தாக. "நல்லவேளை, எனக்கு வைத்தியம் பாத்த டாக்டர் உனக்கு எதையும் இரவல் குடுக்கல." சிரிப்பு வரல. ஆனா பழக்கம் விடுமா? காலையில கண்ணு முழிச்சதும் கை பாட்டுக்குத் தேட ஆரம்பிச்சிரும். இன்னைக்கு என்ன இருக்கு? குழாயில தண்ணி இருக்கு. எதுத்த வீட்டுச் சீனத்து அம்மா வளந்து தொங்குற முருங்கையை வெட்டி எங்க வாசல்ல போட்டிருக்கு. செவ்வாக்கெழமை இவுக சுவத்தைப் புடிச்சுக்கிட்டு நாலடி நடந்தாக. நாலு! நான் அஞ்சுன்னு சொன்னேன், இவுக நாலுதான்னு சாதிச்சாக. அதுக்கு ஒரு சண்டை. அந்தச் சண்டைக்கு அப்புறம் ரெண்டு வாய் சாப்பிட்டேன்.

6

வியாழக்கிழமை கதவைத் தள்ளிக்கிட்டு உள்ள போனதும் மொதல்ல கவுண்டரைத்தான் பாத்தேன். ரோகயா இருந்துச்சு! அதே சீட்டுல, பூப்போட்ட முக்காடு போட்டுக்கிட்டு. எனக்குக் கண்ணு நெறைஞ்சு போச்சு. விளக்கம் எழுதிக் குடுத்துட்டேன், ஒண்ணுமில்ல, போ போன்னு கையைக் காட்டுச்சு. என் நெஞ்சுல இருந்த கல்லு எறங்குன சத்தம் வரிசையில நின்னவங்களுக்குக் கேட்டிருக்கும்.

ஆபீசர் மேசையில என் பைலு தொறந்து கெடந்துச்சு. "டப்பா அந்தம்மாவோடதுதான், தெரிஞ்சுக்கிட்டேன்"ன்னாரு. திரும்ப மலாய்க்குப் போயிட்டாரு. இனிமே அரசாங்க ஊழியர் யாருக்கும் எந்தப் பொருளும் குடுக்க மாட்டேன்னு உறுதிமொழி, மூணு பிரதி. கையெழுத்துப் போடணும். என்கிட்டப் பேனா இல்ல. தன்னோட பேனாவை நீட்டுனாரு. கறுப்பா, கனமா, தங்க முள்ளு வச்ச மைப்பேனா.

என் கையெழுத்து சும்மா கிறுக்கல் இல்ல. மு. பேச்சியம்மாள், ஒவ்வொரு எழுத்தையும் உக்கார வச்சுத்தான் எழுதுவேன். ஒண்ணு போட்டேன், ரெண்டு போட்டேன். மூணாவதுல "பேச்சியம்மா" வரைக்கும் வந்துச்சு, 'ள்' வரல. மை தீந்து போச்சு. ஒதறிப் பாத்தேன். ம்ஹூம். ஆபீசருக்கு அந்த நேரம் பாத்து போன் வந்துருச்சு. அந்தப் பக்கம் திரும்பிப் பேசிட்டிருந்தாரு.

திரும்பிப் பாக்கேன், வசந்தா பேனாவை எடுத்துத் திருகித் தொறந்துட்டா. புத்தகப் பையில இருந்து பள்ளிக்கூடத்து மைக்கூடு வெளிய வந்துருச்சு. சொட்டுச் சிந்தாம நெறைச்சு, கைக்குட்டையால முள்ளைத் தொடைச்சு, மூடி போட்டு மேசையில வச்சா. அடியே, யாருக்கும் ஒண்ணும் குடுக்க மாட்டேன்னு இப்பத்தானே எழுதிக் குடுத்தேன், அந்த மைகூட இன்னும் காயலையே!

ஆபீசர் போனை வச்சுட்டாரு. "என்ன பண்ணுன?"

என்கூட நடக்கவே கூச்சப்படுற பிள்ளை, அந்த ஆபீசுக்குள்ள மொத மொதலாத் தமிழ்ல வாயைத் தொறந்தா. அதுவும் எங்க ஊர்த் தமிழ்ல. "உங்க பேனாவை நாங்க காலி பண்ணிட்டோம். வெறும் பேனாவா எப்படிக் குடுக்க?"

அவரு அவளைப் பாத்தாரு. பேனாவைத் தொறந்து ஒரு காகிதத்துல கோடு போட்டாரு. பளிச்சுன்னு நீலம். சுவத்துப் பலகையை ஒரு தடவை பாத்தாரு. பேனாவை என் பக்கம் நீட்டி, "மொதல்ல அந்த 'ள்'ளைப் போடும்மா"ன்னாரு. தமிழ்ல. போட்டேன். இப்ப அந்தக் காகிதத்துல என் பேரு கறுப்பு, வாலு நீலம்.

அப்புறம் என் பெர்மிட்டை இழுத்தாரு. மேல தட்டச்சு கறுப்பு, முத்திரை கறுப்பு. அதுக்குக் கீழ அதே பேனாவால கையெழுத்துப் போட ஆரம்பிச்சாரு. எனக்கு வாய் சும்மா இருக்காதுல்ல. "அய்யா, நீலம்... கறுப்புலதான்னு நீங்கதான..."

"தெரியுதும்மா"ன்னாரு, தலையைத் தூக்காம. "அடுத்த ஆளை வரச் சொல்லு."

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானும் வசந்தாவும் ஓடுனோம். நடக்கல, ஓடுனோம்! வழியெல்லாம் அந்தக் காகிதத்தைத் தூக்கித் தூக்கிப் பாத்துக்கிட்டேன். அன்னைக்கு அவ என்னைவிட்டு நாலடி தள்ளி நடக்கல.

7

கேண்டீன்ல எனக்கு இப்ப அஞ்சு வருஷம். இவுக கம்பை ஊனி நடந்து ஒரு கிட்டங்கியில காவலுக்குப் போறாக. ரோகயாவும் நானும் வீட்டுக்குப் போக வர இருக்கோம். ஆபீசு இல்லையே, யாரும் கேக்க முடியாது. பச்சை டப்பா இந்த வாரம் எங்க வீட்ல இருக்கு.

வசந்தாவுக்குப் பதினேழு வயசு. தமிழ் இன்னும் கொறைஞ்சு போச்சு. நான் இதை எழுதுறதைப் பாத்து, "இத்தனை பக்கமா?"ன்னு கேட்டுட்டுப் போறா.

நேத்து வந்த துணிப்பை ஆயிஷா மதினி குடுத்து விட்டது. உள்ள மிதுக்கு வத்தல், முட்ட முட்ட. ஊர்ல நல்ல மழையாம். வத்தலைத் தட்டுல கொட்டுனப்ப டொக்குன்னு ஒண்ணு விழுந்துச்சு. தட்டாங்கல்லு. கொண்டு வந்த ஆளு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு: "வெளாண்டு முடிச்சாச்சாம். பிள்ளைகிட்டச் சொல்லச் சொன்னாக."

நான் அழுதுட்டேன். அழுற ஆளில்லைன்னு மேல எழுதுனது நெசந்தான், இருந்தாலும் அழுதுட்டேன். வசந்தா கல்லை எடுத்து உள்ளங்கையில உருட்டிப் பாத்தா. எனக்கு ஞாபகமே இல்லையேம்மான்னா. நாலு வயசுல நடந்தது, எங்க இருக்கும்?

அப்புறம் அந்தத் துணிப்பையை எடுத்து, தலைகீழா ஒதறி, மடிச்சு வச்சா.

"இது அவுங்களோட பைதானே? அந்த ஆளு என்னைக்கும்மா திரும்பிப் போறாரு?"ன்னு கேட்டுக்கிட்டே அடுக்களை அலமாரியைத் தொறந்தா.